கொத்தமல்லி வாங்கச் சைக்கிளில் போகிறார்கள், ஐயா!

பெறுநர்: பெட்டாலிங் ஜெயா சாலைகளுக்குப் பொறுப்பான உயர்திரு அதிகாரி அவர்கள்
பொருள்: எங்கள் தாமானில் ஒரு குடும்பம் சைக்கிளில் சாமான் வாங்கி வருவது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

இது மொட்டைக் கடிதம்தான். பெயர் போட்டு எழுதினால் பக்கத்து வீட்டு உறவு கெட்டுவிடும். தீபாவளிக்கு அவர்கள் வீட்டு முறுக்கு நன்றாக இருக்கும்.

யாருக்கு அனுப்புவது என்பதிலேயே குழப்பம். கூட்டரசு நெடுஞ்சாலை என்றால் மத்திய அரசு, எல்டிபி நெடுஞ்சாலை என்றால் டோல் நிறுவனம், வீட்டு வாசல் ஜாலான் என்றால் மாநகர் மன்றம். செக்‌ஷன் 14இல் இருப்பவர் செக்‌ஷன் 4 பிள்ளையார் கோவிலுக்குச் சைக்கிளில் போனால், மாநகர் மன்றத்தில் ஏறி, மத்திய அரசைக் கடந்து, மறுபடியும் மாநகர் மன்றத்தில் இறங்க வேண்டும். இதில் சைக்கிள்காரனுக்கு யார் பெரியவர் என்று எனக்கு விளங்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் நகல் போட்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டில் கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். பார்த்தால் நல்ல குடும்பம் மாதிரிதான் தெரியும். அண்மையில் இரண்டாவது காரை விற்றார்கள். ஏதோ கடன் தொல்லை என்று நினைத்து வருத்தப்பட்டேன். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, வேண்டுமென்றே விற்றிருக்கிறார்கள்! சனிக்கிழமை காலையில் நான்கு பேரும் வரிசையாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஜாலான் ஒத்மான் மார்க்கெட்டிலிருந்து கூடை நிறையக் கீரையும் தேங்காயும் முருங்கைக்காயுமாகத் திரும்பி வருகிறார்கள். கிளினிக், முடிவெட்டும் கடை, டியூஷன், பசார் மாலாம் எல்லாவற்றுக்கும் அதே கதைதான். கொத்தமல்லி மறந்துபோனால் மூத்த பெண்ணைத் திரும்ப அனுப்புகிறார்கள். அவள் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறாள்.

கொத்தமல்லி வாங்குவதற்கு நம் ஊரில் ஒரு முறை இருக்கிறது. பின்னால் நிற்கும் காரை வெளியே எடுக்க முன்னால் நிற்கும் காரை நகர்த்த வேண்டும். ஏர்கான் குளிரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கடைத்தெருவை மூன்று சுற்றுச் சுற்றி, கடைசியில் இன்னொருவர் காரை மறைத்து நிறுத்தி, கண்ணாடிக்குப் பின்னால் கைத்தொலைபேசி எண் எழுதிய அட்டையை வைக்க வேண்டும். எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டால் பெட்டாலிங் ஜெயாவில் எந்த இடமும் பார்க்கிங்தான். அவர் ஹாரன் அடிப்பார், நாம் ஓடிவந்து கையைத் தூக்குவோம், அவரும் தலையை ஆட்டுவார். இப்படித்தானே தாமான்காரர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்கிறோம்?

நாட்டின் கணக்கையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 30இல் அரசாங்கம் லைசன்ஸ் வைத்திருக்கும் எல்லாக் குடிமக்களுக்கும் ரோன்95 பெட்ரோலை லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குக் கொடுக்கத் தொடங்கியது. மானியம் இல்லாத விலை அப்போது 2.60. தொடங்கியபோது மாதம் 300 லிட்டர்வரை! லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 4,500 கிலோமீட்டர், பினாங்குக்கு ஆறு தடவை போய்வரலாம். 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு வெறும் 20 ரிங்கிட். ஓர் அரசாங்கம் இதற்குமேல் எப்படி ஐயா கெஞ்சும்? இவ்வளவையும் காலால் தள்ளிவிட்டு ஒருவன் பெடலை மிதிக்கிறான் என்றால் அவனை என்னவென்று சொல்வது?

மார்க்கெட்டுக்குப் போகவர மூன்று கிலோமீட்டர், பெட்ரோல் 40 சென். இஞ்சின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடுவதால் கூடுதலாகக் குடிக்கும். 60 சென் என்றே வையுங்கள். “60 சென்னுக்காகவா இந்த வெயிலில் பிள்ளைகளை வதைக்கிறீர்கள்?” என்று அந்த அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

“பெட்ரோல்ல ஒன்னும் பெரிசா மிச்சமில்லை அங்கிள்” என்றார். “ரெண்டாவது காடியிலதான் மிச்சம். அது இந்த மூணு கிலோமீட்டருக்காகத்தான் நின்னுச்சு.”

இதுதான் ஆபத்தான பேச்சு. மாதம் 600 ரிங்கிட் தவணை என்றால் ஒன்பது ஆண்டுக் கடனுக்கு 64,800 ரிங்கிட். காப்புறுதி, டயர், சர்வீஸ், பார்க்கிங் எல்லாம் அதற்குமேல். இதை வீட்டுக்கு வீடு கூட்டிப் பார்க்க ஆரம்பித்தால் வங்கி என்ன ஆவது, ஃபோர்மன் என்ன ஆவார்? அபராதச் சீட்டு எழுதுகிற பையனின் கதி என்ன?

நான் சைக்கிளுக்கு எதிரி இல்லை. கோலாலம்பூரில் 2014 முதல் ஞாயிறு காலையில் சாலையை மூடிவிட்டுச் சைக்கிள் ஓட்ட விடுகிறார்கள், மிகவும் நல்லது. பத்தாயிரம் ரிங்கிட் சைக்கிளைக் காரின் மேலே கட்டி, தலைநகருக்கு ஓட்டிப்போய், இறுக்கமான உடையில் வட்டமடித்து, நாசி லெமாக் சாப்பிட்டு, மறுபடியும் காரில் கட்டிக்கொண்டு வருவது விளையாட்டு. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பழைய சைக்கிளில் கூடை மாட்டி வெண்டைக்காய் வாங்கப் போவது விளையாட்டா?

நம் மக்களின் பொறுப்புணர்வையும் சொல்ல வேண்டும். 2017இல் ஓபைக் வாடகைச் சைக்கிள்கள் வந்தபோது, சிலவற்றைச் சாக்கடையிலும் ஆற்றிலும் இறக்கித் தங்கள் கருத்தைத் தெரிவித்தார்கள். தலைநகரின் நடுவில் 2018இல் நீலச் சாயம் பூசிச் சைக்கிள் பாதை போட்டபோது, அது வீணாகிவிடக் கூடாதே என்று காரை நிறுத்தினார்கள். உங்கள் துறைகளின் உழைப்பும் சாதாரணமானதா? சக்கரம் அளவெடுத்தாற்போல் இறங்குகிற சாக்கடை மூடிகள், மரத்தில் போய் முட்டி முடிகிற நடைபாதைகள், வேகத்தைக் குறைக்காமலே வளையக்கூடிய திருப்பங்கள். இத்தனைக்குப் பிறகும் அந்தக் குடும்பம் உயிரோடு மார்க்கெட்டுக்குப் போய்வருகிறது. எங்கோ குறைபாடு இருக்கிறது.

என் மனவருத்தத்தையும் கேளுங்கள். பெட்டாலிங் ஜெயாவே 1950களில் எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்தின்மேல் எழும்பிய ஊர். அந்தப் பெயர் இன்றைக்கு பண்டார் உத்தாமாவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பலகையில் இருக்கிறது. என் அப்பாவும் வேறொரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு சைக்கிளில் போவார், பொழுது ஏறியதும் பால்வாளியைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு மிதிப்பார். மழைநாளில் அதே சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்காரவைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோவார். 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. கடன் போட்டு நான் ஒன்று வாங்கியபோது, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது அவர்தான். அன்றே சைக்கிளைப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டார். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் ‘மாப்பிள்ளை என்ன காடி வச்சிருக்கார்?’ என்று கேட்ட சமூகம் நாங்கள். அப்படி அரும்பாடுபட்டு விட்டுத்தொலைத்ததை, இந்தப் பட்டதாரிகள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு எங்கள் தாமானுக்கே திரும்பக் கொண்டுவருகிறார்கள். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

ஹாலந்து கெட்டதும் இப்படித்தான். அங்கேயும் ஒரு காலத்தில் நம்மைப் போல் கார்களுக்காக ஊரை அகலப்படுத்திக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள். 1970களில், சாலையில் பிள்ளைகள் செத்தது போதும் என்று பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை. சனங்கள் காலியான நெடுஞ்சாலையில் சைக்கிள் விட்டுப் பார்த்தார்கள், ருசி கண்டுவிட்டது. இன்றைக்கு அங்கே மந்திரியே சைக்கிளில் போகிறாராம். நம் ஊரிலும் அறிகுறி இருந்திருக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களில் உலக வங்கித் திட்டத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனிப்பாதை போட்டார்கள். நல்லவேளை, மோட்டாரோடு நிறுத்திக்கொண்டோம்.

பள்ளிக்கூட வாசல்தான் பெரிய தலைவலி. காலையில் கார் வரிசை முச்சந்திவரை நிற்கிறது. நானும் பேரனோடு அதில் நிற்கிறேன். அந்த இரண்டு பிள்ளைகளும் ஓரமாக வந்து, சைக்கிளைப் பூட்டிவிட்டு, எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். வரிசையில் இருக்கிற அத்தனை காரிலும் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்க்கிறார்கள். இதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லையா?

முன்பு சைக்கிளுக்கும் லைசன்ஸ் தகடு இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவரலாம். கொத்தமல்லிக்குக் குறைந்தபட்ச தூரம் நிர்ணயிக்கலாம். எதுவும் முடியாவிட்டால், இருப்பதையாவது அப்படியே விட்டுவையுங்கள். சாக்கடை மூடியை மாற்றுவது, பள்ளியைச் சுற்றி வேகத்தைக் குறைப்பது, மார்க்கெட்வரை நான்கடி அகலத்தில் தடுப்போடு ஒரு பாதை போடுவது, நெடுஞ்சாலையைக் கடக்கப் படியில்லாத ஒரு சரிவுப் பாலம் கட்டுவது போன்ற விபரீதங்களில் தயவுசெய்து இறங்கிவிடாதீர்கள். இவை நான்கும் நடந்துவிட்டால், சைக்கிளில் போகப் பயமாக இருக்கிறது என்று சொல்ல எங்களுக்கு வாயிருக்காது.

கொஞ்சம் அவசரமாகக் கவனிக்க வேண்டும், ஐயா. நேற்று என் வீட்டுக்காரியும் கூடை வைத்த சைக்கிள் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
உங்கள் நலம்விரும்பி,
பெட்டாலிங் ஜெயா