நாலு கலர் பேனா

பி.எட். படிப்பு 2015-இல் இரண்டு வருஷமாக நீண்டது. பள்ளிக்கூடப் பயிற்சி நீண்டது, கூடவே ரெக்கார்டு நோட்டுகளும் நீண்டன. அதில் ‘ரிப்ளெக்டிவ் ஜர்னல்’ மட்டும் தினமும் யோசித்து எழுத வேண்டியது. அதனால்தான் அதைக் கடைசி இரவுக்கு ஒதுக்கி வைப்பார்கள்.

விடுதியில் அதற்கு நாலு கலர் பேனா வேண்டும். ஒருநாள் நீலம், ஒருநாள் கறுப்பு, நடுவே மை தீர்ந்த மாதிரி ஒரு பக்கம். மூலநூல், சீனியர் அக்காவின் நோட்டு. அக்கா பயிற்சி எடுத்தது கடலூர்ப் பக்கம். வெள்ளிமலையில் பாடம் நடத்திய என் தோழியின் நோட்டிலும், ‘கடல் சீற்றம் காரணமாக மாணவர் வருகை குறைவு’ என்று வந்துவிட்டது.

‘என் குறைகள்’ என்றொரு கட்டம் உண்டு. பெண் கேட்டு வந்தவர்கள், ‘பையனுக்கு ஒரே குறை, ரொம்ப இளகின மனசு’ என்பார்களே, அந்த ரகக் குறைகளே அதில் இடம்பெறும்.

வேலைக்கு நடுவே யோசிப்பது ஒன்று, முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று என்று 1983-இல் பிரித்து எழுதினார் டொனால்ட் ஷான் என்ற அமெரிக்கர். சப்மிஷனுக்கு முந்தின ராத்திரி யோசிப்பது என்ற மூன்றாவது ரகத்தை அவர் கண்டதில்லை போலும்.

எனக்கு வாய்த்தது கல்வராயன் மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறும். அன்று தண்டும் வேரும் பாடம். உருளைக்கிழங்கைக் காட்டி, “இது தண்டு. இந்தக் கண்ணிலிருந்துதான் முளைக்கும். மரவள்ளி, வேர்” என்றேன்.

பின்வரிசைப் பையன் எழுந்தான். “மிஸ், குச்சிக்கெழங்குல கண்ணே இருக்காதே. அதான் நாங்க கெழங்க நடாம குச்சிய வெட்டி நடுறமா?”

பத்து நிமிஷம் நான் விளக்குவதாக இருந்த சங்கதி அது. மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்று லெசன் பிளானில் இல்லை. அவனையே கரும்பலகைக்கு அழைத்தேன். கரணையை வரைந்து, கண் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், தலைகீழாக நட்டால் அப்பா என்ன சொல்வார் என்பதுவரை விளக்கினான்.

‘மாணவர் துலங்கல்’ கட்டத்தில் இடம் ஒன்றரை வரி. நான் ஓரத்தில் ஏறி, அடுத்த பக்கம் தாண்டி, அட்டையின் உள்பக்கம்வரை எழுதினேன். ‘கட்டத்துக்குள் எழுதவும்’ என்று சிவப்பு மையில் வந்தது. கடல் சீற்றத்துக்கு ‘மிக நன்று’.

அடுத்த வருஷம் ஒரு ஜூனியர் என் நோட்டை வாங்கிப்போனாள். ராத்திரி பதினொரு மணிக்கு போன்.

“அக்கா, கெழங்குப் பக்கம் சூப்பரா இருக்கு, எழுதிக்கிறேன். ஆனா என் மேஜர் கணக்கு. கெழங்குக்குப் பதிலா முக்கோணம்னு போட்டுக்கவா?”