மறுத்தாலும் சான்று, ஒப்பினாலும் சான்று

கேள்வி: அமெரிக்காவில் பேசப்படும் ‘வெள்ளையரின் தொட்டாற்சிணுங்கித்தனம்’ என்ற கருத்தாக்கம் ஏற்கத்தக்கதுதானா?

பதில்: இனப் பாகுபாடு பற்றிய பேச்சு எழுந்தவுடன் வெள்ளையர் காட்டும் சினம், கண்ணீர், மௌனம், வெளிநடப்பு ஆகிய தற்காப்பு எதிர்வினைகளைக் குறிக்க, கல்வியியலாளர் ராபின் டிஏஞ்சலோ 2011இல் கட்டுரையாக முன்வைத்து 2018இல் நூலாக விரித்த இக்கருத்தாக்கம், அவர் நடத்திய பயிற்சி வகுப்புகளில் கண்டவற்றிலிருந்து பிறந்தது என்பதால், அத்தகைய எதிர்வினைகள் நிகழ்வதுண்டு என்ற அளவில் அதை மறுப்பது கடினம். சிக்கல் அதைச் சோதிக்கும் முறையில் உள்ளது: ஒப்புக்கொண்டவர் குற்றத்தை ஏற்றவர், மறுத்தவர் தம் மறுப்பாலேயே அதை மெய்ப்பித்தவர் என்றாகும்போது, மெய்யியலாளர் கார்ல் பாப்பர் அறிவியலுக்கு அளவுகோலாக வைத்த பொய்ப்பிப்புத் தகுதி, அதாவது ஒரு கூற்று தவறென்று காட்டப்படுவதற்கு இடம் தரும் தன்மை, அதற்கு இல்லாமற்போகிறது. தாமும் கறுப்பினத்தவரான மொழியியலாளர் ஜான் மக்வோர்ட்டர், இந்நூல் கறுப்பினத்தவரையே எளிதில் மனமுடையும் குழந்தைகளாக்குகிறது என்று 2020இல் சாடினார். சிணுங்குபவர் யார் என்ற வழக்கில் இரு தரப்பும் ஒரே கூண்டில் ஏறிய விந்தை அது. ஆகவே நடத்தையை விவரிக்க இக்கருத்தாக்கம் உதவும். ஆளை அளக்க எடுத்தாலோ, எவர் வாயில் வைத்தாலும் காய்ச்சல் காட்டும் வெப்பமானியாகிவிடும்.