மடி கொடுக்கிற மாமன்

ஏ மக்கா, விதுரா ஐசர் காலேஜுல படிக்கிற பய, 22 கொண்டை ஊசி வளைவு ஏறி பொன்முடிக்கு வந்தது காத்து வாங்கவா, எனக்குக் கணக்குக் காட்டவா? நோட்டுப் பூரா புள்ளியும் அம்புமாக் கிடக்கு. கேட்டா கேட்டகரி தியரிங்கே. "புள்ளிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்காதீரு தாத்தா, அம்பு எங்க போகுதுன்னு பாரும்"ங்கே.

1945ல ஐலன்பெர்க், மக்லேன்னு ரெண்டு கணக்குக்காரங்க தொடங்கினது. 1958ல ராபர்ட் ரோசன் அதை உசுருக்குக் கொண்டுவந்தாரு. செல்லு தின்னுது, தன்னைப் பழுது பாக்குது, பழுது பாக்குற சாமானையும் தானே உண்டாக்குது. பொறவு பிரான்சுல ஆந்த்ரே எரெஸ்மான் அம்மா, புள்ளிகளை அம்போட சேத்துக் கட்டினா தனிப்புள்ளியில இல்லாத குணம் மேல முளைக்கும்னு எழுதினாங்க. எல்லாம் நீ சொன்னதுதாம்லே.

இதுக்கு எதுக்குப் பிரான்சு? நம்ம கல்யாணப் பந்தலுக்கு வா. அம்மா வழியாப் போனா அவ கூடப்பிறந்தவன் மாமா. அப்பா வழியாப் போனா அத்தை வீட்டுக்காரரும் மாமா. ரெண்டு வழி, ஒரே முனை. நீங்க இதைத்தான் பலகையில போட்டு, படம் 'கம்யூட்' ஆகுதுன்னு கைதட்டுதீங்க. இதை யாரும் உக்காந்து திட்டம் போடல. அவனவன் பொண்ணு கொடுத்தான், பொண்ணு எடுத்தான், ஊருக்கு ஒரு சட்டம் முளைச்சுது.

இப்போ காதுகுத்து வீட்டுக்கு வா. பிள்ளையை அத்தை வீட்டுக்காரர் மடியில வச்சுப் பாரு. தாய்மாமன் பந்தலைப் பிரிச்சுப் போட்டுருவான்! ஏட்டுல சேர்ந்த முனை மடியில பிரிஞ்சுபோச்சு பாத்தியா? உன் அம்பு எதை விட்டுட்டுதுன்னு அங்கதான் தெரியும்.

காரியவட்டத்துல கே.எஸ்.எஸ். நம்பூரிபாடுன்னு கணக்கு வாத்தியாரு இருந்தாரே, அரைக்குலம்ங்கிற (செமிகுரூப்) கணக்கு அமைப்பை ரெண்டு பக்கமும் கேட்டகரியாப் பிரிச்சு, அதுக குறுக்கால எப்பப் பொருந்தும்னு நிபந்தனை நிபந்தனையா எழுதி 1994ல புத்தகம் போட்டாரு. வெறும் கணக்குக்கே அத்தனை நிபந்தனை. நீ உசுரையும் ஊரையும் ரெண்டு அம்புல கட்டப் பாக்கே.

'மேல முளைச்சுது'ன்னு எழுது, வேண்டாங்கல. எங்க முளைக்காதுன்னும் சேத்து எழுது. அது இல்லாத படம் வாசல்ல போட்ட கோலம். அழகா இருக்கும், எதையும் சொல்லாது. அதனால நாலு காதுகுத்துக்குப் போயி எந்த மாமன் மடி கொடுக்கான்னு பாத்துட்டு வா. அம்பை அப்புறம் போடலாம்.