கிராப்பிக்கு இறகு போதும்

கேள்வி: அமெரிக்காவில் வசந்தம் வந்தால் கிராப்பி மீனுக்காக ஏன் இவ்வளவு அமர்க்களம்? புழுகூட இல்லாமல் இறகைக் காட்டியே பிடிக்கிறார்களாமே?

பதில்: மற்ற மாதங்களில் பெரும்பாலும் ஆழத்தில் கிடக்கிற மீன், தண்ணீரின் சூடு 16 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் முட்டையிடக் கரையோரப் புதருக்கு வந்துவிடும். குழி பறிப்பது, முட்டைக்குக் காவல் இருப்பது எல்லாம் ஆண் மீன்தான் (வீட்டில் இதைச் சத்தமாகப் படிக்க வேண்டாம்). குட்டி மீன்போல் தெரியும்படி கொக்கியில் இறகும் நூலும் கட்டி, ஃப்ளை ராட் என்கிற தூண்டில் கோலால் வீசுவார்கள். கிராப்பிக்குக் கண் மேல்நோக்கியே இருக்கும்; தலைக்குக் கீழே போகிற இரையைப் பெரும்பாலும் சீண்டாது. ஆகவே சற்று மேலாக, ஆமை வேகத்தில் இழுக்க வேண்டும். கொத்தினால் வெடுக்கென்று இழுக்காது, தூண்டில் நரம்பு லேசாகத் தளரும், அவ்வளவுதான். அங்கே வீரத்தைக் காட்டிச் சுண்டினால் போச்சு! வாய் அப்பளம், கிழித்துக்கொண்டு போய்விடும்.

டென்னசியின் ரீல்ஃபுட் ஏரி இதற்குப் பேர்போனது. 1811-12 நிலநடுக்கங்களில் காடு அமிழ்ந்து உண்டான ஏரி. மூழ்கிய மரக்கட்டைகளில்தான் கிராப்பி ஒதுங்கும். கட்டிய இறகில் பாதி அந்தக் கட்டைகளுக்கே காணிக்கை. மிச்சத்தில் மாட்டியதைச் சோளமாவில் புரட்டிப் பொரிக்கிறார்கள்.