அப்பத்தா ஏறும் கோணம்: நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் வலிமையும் வசதியும் – ஓர் ஆய்வு

சாலை இல்லாத இடத்தில் ஓடுகிற வண்டியை, சாலையோரத்தில் குடியிருக்கும் குடும்பம் ஏன் வாங்க வேண்டும்? இதுவே ஆய்வுச் சிக்கல். எழுப்பியவர் ஆய்வாளரின் மனைவி. காலம், இரவு ஒன்பதரை மணி. களம், சமையற்கட்டு. அன்று ஆய்வாளரிடம் விடை இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஆறு மாதம் உழைத்ததன் பயன் இக்கட்டுரை.

ஆய்வு மூலங்கள் இருவகைப்படும். ஷோரூமில் தரும் வழவழப்பான விளக்க ஏடுகள் முதன்மை மூலம். மச்சினன் துணைமை மூலம். இவ்விரண்டும் முரண்பட்ட இடங்களில் மச்சினன் உரக்கப் பேசினான் என்பதால் அவன் பாடமே கொள்ளப்பட்டது. ஆய்வின் கால எல்லை 15 ஆண்டு. ‘நெடுங்காலக் குடும்பப் பயன்பாடு’ என்பதை எந்தக் கோலால் அளப்பது என்று தவித்தபோது அரசே கை கொடுத்தது. புது வண்டியின் ஆர்.சி. செல்லுபடியாவது 15 ஆண்டு. அதற்குக் கட்டும் வரிக்கு ஆயுள் வரி என்று பெயர். ஆயுள் எவ்வளவு என்பதில் சோதிடர்களிடையே இல்லாத ஒருமித்த கருத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருக்கிறது.

இனிச் சொல்லாராய்ச்சி. ‘தார்’ என்னும் சொல் தமிழில் பலபொருள் ஒருமொழி. மன்னன் மார்பில் கிடக்கும் மாலை தார். வாழை ஈனுவது தார். மாட்டை முடுக்கும் குச்சி தார்க்குச்சி. ரோட்டில் காய்ச்சி ஊற்றுவதும் தாரே. மகிந்திரா நிறுவனம் 2010-இல் தன் வண்டிக்கு இப்பெயரை இட்டபோது ராஜஸ்தான் பக்கத்துப் பாலைவனத்தைத்தான் கருதியது. ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் நான்காம் பொருளையே கொண்டனர் போலும். வண்டியைத் தார் ரோட்டை விட்டு இறக்குவதே இல்லை.

‘ஜீப்’ என்பது அடுத்த சொல். இதே நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. அது முதல் சதுரமாக எது வந்தாலும் நம் ஊர்ப்புறத்தில் ஜீப்புதான். ஆய்வாளரின் தாயாரும் குழந்தைகளின் அப்பத்தாவுமான மூதாட்டியிடம் (வயது 74, எடை 60 கிலோ) படத்தைக் காட்டியபோது அவர் முகம் மாறியது. “ஜீப்பா? நம்ம வாசல்ல ஜீப்பு நின்னா ஊர்ல என்னப்பா நினைப்பாக? ஜப்திக்கு வந்திருக்காகன்னுல்ல பேசுவாக” என்றார். கூட்டுறவு வங்கிக் கடன் பாக்கிக்காக அண்டா குண்டாவை ஏற்றிப்போன ஒரு ஜீப்பு அவர் நினைவில் இன்னும் எஞ்சின் அணையாமல் நிற்கிறது. விளம்பரத்தில் சுதந்திரத்தின் சின்னமாக வரும் வண்டி கரிசல் காட்டில் கடனின் சின்னம். ஆய்வாளர் பிறகு ‘ஜீப்’ என்ற சொல்லை வீட்டில் பயன்படுத்தவில்லை.

எஸ்.யு.வி. யாது என்பதில் அறிஞர் பலரும் மயங்குவர், ஜி.எஸ்.டி. கவுன்சில் மயங்கவில்லை. நீளம் 4,000 மி.மீ.க்கு மேல், எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேல், கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ.யும் அதற்கு மேலும் என்பது அதன் நூற்பா. அந்த 170-ஐ ஆளும் சுமையும் ஏறாத வெறும் வண்டியில் அளக்க வேண்டும் என்று 2023-இல் உரையும் எழுதிவிட்டார்கள். எங்கள் வீட்டில் வெறும் வண்டி என்றொரு நிலை இருந்ததில்லை. இப்போதுள்ள பழைய காரின் டிக்கியில் ஒரு குடை, ஒற்றைச் செருப்பு, பாதி உடைந்த கேரம் போர்டு ஆகியன நிரந்தரமாகக் குடியிருக்கின்றன.

மூன்று கதவுத் தாரும் அதன் போட்டி வண்டியான ஐந்து கதவு ஜிம்னியும் 3,985 மி.மீ. நீளத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் இங்கே குறிக்க வேண்டும். நான்கு மீட்டருக்கு 15 மி.மீ. குறைவு. மலையையும் ஆற்றையும் கடக்கப் பிறந்தவை இரண்டும் வரிக்கோட்டைக் கடக்க அஞ்சின.

வலிமைக்கு வருவோம். 2020-இல் வந்த தாரின் டீசல் எஞ்சினுக்கு 130 குதிரை. இழுவை 300 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,600 சுற்றிலேயே. 2023-இல் வந்த ஜிம்னியில் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின். இழுவை 134 நியூட்டன் மீட்டர், அதை எட்ட 4,000 சுற்று வரை மிதிக்க வேண்டும். மெக்கானிக்குகள் இவ்வளவு எண்களைச் செலவிடுவதில்லை. “புல்லிங் இருக்கு”, “புல்லிங் கம்மி” என்ற இரண்டு வாக்கியத்தில் பாடத்தை முடித்துவிடுவார்கள். அற்றேல் ஜிம்னி சேற்றில் மாட்டிக்கொள்ளாதோ எனின், மாட்டாது என்க. அது ஏறக்குறைய அரை டன் இளைத்த உடம்பு. அமிழும் மண்ணில் இளைத்தவனுக்கே நடை. மேலும் இரண்டு வண்டியிலும் ‘ஃபோர் எல்’ என்றொரு தாழ்ந்த கியர் உண்டு. அதைப் போட்டால் வேகம் சுருங்கி இழுவை பெருகும். எஞ்சின் சிறியதென்ற குறை அங்கே பெரும்பாலும் தீர்ந்துபோகும். சாலை இல்லாத இடத்தில் குதிரைகளை விடக் கியரே பேசும். குதிரைகள் பேசுவது நான்குவழிச் சாலையில் லாரியை முந்தும்போது. அதாவது சாலை இல்லாத இடத்துக்கென்று கூடுதல் காசு கொடுத்து வாங்கும் வலிமை, சாலையில்தான் செலவாகிறது. இக்கண்டுபிடிப்பை மச்சினனிடம் சொன்னபோது, “அதெல்லாம் இருக்கட்டும் மாமா, ரோட்ல ஒரு கெத்து வேணாமா?” என்றான். ‘கெத்து’ என்ற அலகை நியூட்டன் மீட்டராக மாற்றும் வாய்பாடு கிடைக்கவில்லை.

இவ்வாய்வின் நடுநாயகமான சோதனை தெருமுனை நண்பர் வீட்டு வாசலில் நடந்தது. வண்டி, மூன்று கதவுடைய ஒன்று. பின்னால் சாமான் ஏற்றும் கதவையும் சேர்த்து எண்ணுவது இத்துறை மரபு. இத்தகைய வண்டிகளுக்கு மூன்று கோணங்களை நூலோர் விதித்துள்ளனர். மேட்டில் மூக்கு இடிக்காமல் ஏறும் அணுகு கோணம். இறங்கும்போது வால் தட்டாத விலகு கோணம். மேட்டின் உச்சியில் வயிறு உரசாத முதுகுக் கோணம். தாருக்கு அணுகு கோணம் 41.8 பாகை, ஜிம்னிக்கு 36. விலகு கோணத்தில் ஜிம்னி 50 பாகை என்று பழி தீர்த்துக்கொள்ளும். நூலோர் விட்டுவிட்ட நான்காம் கோணம் ஒன்றை ஆய்வாளர் அன்று கண்டார். அதற்கு அப்பத்தா கோணம் என்று பெயரிடுகிறேன். ஒரு கால் தரையிலும் மறுகால் வண்டியிலும் இருக்கையில், முழங்கால் வலியும் நூல் புடைவையும் சேர்ந்து அனுமதிக்கும் உச்சக் கோணமே அது.

அப்பத்தா வலக்காலைத் தூக்கினார். புடைவையின் கீழ்மடிப்பு போதும் என்றது. இறக்கினார். முன்னிருக்கையை மடக்கி, முன்னே தள்ளி, “இந்த இடுக்குல நுழைஞ்சு பின்னாடி போங்கத்தை” என்று மருமகள் வழி காட்டினார். அப்பத்தா அந்த இடுக்கைச் சற்று நேரம் பார்த்தார். “ஏப்பா, இது ஆளு ஏறுறதுக்கா, கோழி அடைக்கிறதுக்கா?” என்று கேட்டார். நண்பர் இன்று வரை ஆய்வாளருடன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இயற்பியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது? மெட்ரிக் கணக்கில் ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோவை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறன். அப்பத்தாவின் 60 கிலோவை 60 சென்டிமீட்டர் தூக்க ஒரு வினாடிக்கு அரைக் குதிரை போதும். பானட்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகள் கட்டிக்கிடந்தன. அரைக் குதிரைகூட இறங்கி வந்து கை கொடுக்கவில்லை. கடைசியில் ஆய்வாளரும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினர். இறக்குவதற்கு நண்பர் வீட்டு மோட்டார் ரூமிலிருந்து ஒரு முக்காலி வந்தது.

கள ஆய்வைக் குலதெய்வம் கோயிலில் வைத்துக்கொண்டோம். தென்தமிழ்நாட்டில் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு நியாயம் சொல்ல ஓரிடம் உண்டென்றால் அது சாஸ்தா கோயில் பாதைதான். விளாத்திகுளம் பக்கம் தார் ரோட்டை விட்டு இறங்கினால், காட்டுக்குள் 2.3 கிலோமீட்டர் வண்டிப்பாதை. அசல் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் அந்த மண் தண்ணீரைக் குடித்து ஊதிப்போய்ச் சக்கரத்தின் வரிப்பள்ளங்களை அப்பி அடைத்துவிடும். பிறகு சக்கரம் வழுக்கும் களிமண் உருண்டை. நாலு சக்கரமும் இழுத்தால் நாலு உருண்டையும் சேர்ந்து வழுக்கும். அப்போது அங்கே போய் வருவது டிராக்டர் ஒன்றே; வலிமை, வசதி என்ற இரு கட்சிக்கும் அது பெரியப்பா முறை.

ஆனால் நாங்கள் போவது பங்குனி உத்திரத்துக்கு. பங்குனி வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்து, சிமெண்டுத் தரை போல் இறுகிக் கிடக்கும். கோயிலைச் சுற்றி அன்று நிற்பவை ஆல்டோ, ஆம்னி, டாடா ஏஸ், டி.வி.எஸ். எக்ஸ்.எல்., ஒரு பழைய அம்பாசிடர். சாஸ்தா தன் திருநாளை காய்ந்த பருவத்தில் வைத்துக்கொண்டிருப்பது பக்தர்களின் வண்டிகளை எண்ணித்தான் என்று ஒரு கருதுகோளை முன்வைக்கிறேன். போக வர 4.6 கிலோமீட்டர், ஆண்டுக்கு ஒருமுறை, 15 ஆண்டில் 69 கிலோமீட்டர். இதே காலத்தில் பள்ளிக்கூடம், காய்கறி மார்க்கெட், கல்யாண மண்டபம் என்று ஆண்டுக்குப் பத்தாயிரமாக வண்டி ஓடுவது ஒன்றரை லட்சம் கிலோமீட்டர். சாலையற்ற பயணத்தின் பங்கு ஆயிரத்தில் அரைகூட இல்லை. மனைவி இந்தக் கணக்கை ஒரே பார்வையில் சரிபார்த்து, காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதி, பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினார்.

இங்கே பராமரிப்பு பற்றியும் ஒரு சொல். நாலு சக்கர இழுவையை மாதக்கணக்கில் போடாமலே வைத்திருந்தால் அதன் உறுப்புகளில் எண்ணெய் ஓடாது; அவ்வப்போது போட்டுச் சிறிது தூரம் ஓட்ட வேண்டும். ஆனால் காய்ந்த ரோட்டில் போட்டுக்கொண்டு திரும்பவும் கூடாது. திருப்பத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட நீண்ட வளைவில் ஓடும். இரண்டையும் ஒரே விகிதத்தில் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் தண்டுகளில் முறுக்காக ஏறும். மண்ணிலோ சேற்றிலோ சக்கரம் சறுக்கி முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும்; தார் ரோட்டில் அவிழாது. ஆகவே வண்டியின் உடல்நலம் பேண வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல மண் தரையாகத் தேட வேண்டும். காடு போவதற்காக வண்டி வாங்கியவன், வண்டிக்காகக் காடு தேடிப் போகிறான். மாத்திரை போட வேண்டுமே என்று இட்லி சாப்பிடுகிறவர்களை ஆய்வாளர் அறிவார்.

தேடினாலும் சாலையற்ற இடம் அருகிவரும் இனம். தனுஷ்கோடிக்கு முன்பெல்லாம் மணலில் உறுமிக்கொண்டு போகும் வேனில் குலுங்கிக்கொண்டே போனோம். 2017-இல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்துவிட்டார்கள். இப்போது டவுன் காரில் போய்ச் சுண்டல் தின்கிறார்கள். சரி, கொழுக்குமலை என்றால், சூரியநெல்லியில் உள்ளூர் ஜீப்புகள் விடியுமுன்னே வரிசையில் நிற்கின்றன. அந்தக் கற்களுக்குத் தெரிந்தது அவற்றின் ஓட்டுநர்கள் கைதான்; விலையுயர்ந்த வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு உள்ளூர் ஜீப்பில் ஏறுவதே மரபு. வெள்ளம்? தார் 650 மி.மீ. தண்ணீரில் இறங்கும் என்பது ஏட்டுக் கணக்கு. அதே வகை வண்டியான ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு 700. வேளச்சேரியில் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் மக்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள். அங்கே குடியிருக்கும் மச்சினனிடம், நூறு குதிரை வண்டி வாங்கினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். “முதல்ல பாலத்துல போய் இடம் பிடிப்பேன் மாமா.”

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று கதவுத் தாரிலும் இருக்கை நாலு. ஐந்து கதவு ஜிம்னியிலும் நாலு. வீட்டில் தலை ஐந்து. ஜிம்னியில் அப்பத்தா முக்காலி இன்றி ஏறினார். அடுத்து யார் இறங்குவது என்ற கேள்வி வந்தது. அதன் டிக்கி 208 லிட்டர். 26 கிலோ அரிசி மூட்டை கொள்ளும். பொங்கல் பானை, விறகு, நேர்த்திக்கடன் கிடா ஆகியவற்றை எங்கே வைப்பது என்று விளக்க ஏட்டில் இல்லை. 2024-இல் வந்த தார் ராக்ஸில் ஐந்து இருக்கை, ஐந்து கதவு, டீசலில் நாலு சக்கர இழுவை, எல்லாம் உண்டு. நீளம் 4,428 மி.மீ. எங்கள் போர்ட்டிகோ 14 அடி, அதாவது 4,267. வண்டியின் வால் முக்கால் சாண் அளவு வெளியே நிற்கும்; கேட் சாத்தாது. கேட் சாத்தாவிட்டால் எதிர்வீட்டு ஆடு வந்து துளசியைத் தின்னும். குதிரைகளை எண்ணி வந்த ஆய்வு, இறுதியில் ஓர் ஆட்டிடம் வந்து நின்றது.

வாய்மொழித் தேர்வு கூடத்தில் நடந்தது. புறத்தேர்வாளர் மனைவி, அகத்தேர்வாளர் அப்பத்தா. புறத்தேர்வாளர் ஒரே ஒரு வினா எழுப்பினார்.

“ஏங்க, இதுல உங்க ஆசை எது, நம்ம தேவை எது?”

ஆய்வாளர் அணுகு கோணம் பற்றிப் பேசத் தொடங்கினார். அகத்தேர்வாளர் இடைமறித்து, “கோயிலுக்குத்தானப்பா? மாமாகிட்ட டிராக்டரு கேட்டா குடுக்க மாட்டானா?” என்றார். ஆய்வேடு திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

இவ்வாய்வின் பயனாக இதுவரை வாங்கப்பட்டது ஒரு தேக்கு முக்காலி. உயரம் ஓரடி, கால் வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் வைத்தது, வண்டி வந்தால் அப்பத்தா ஏறுவதற்கென்று ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. வண்டி வரவில்லை. முக்காலி பின்வாசலில் கிடக்கிறது. அப்பத்தா அதில் உட்கார்ந்துதான் மொச்சை உரிக்கிறார். வண்டி வரும் அன்று அதை அவரிடமிருந்து திரும்ப வாங்க முடியுமா என்பது இனி வரும் ஆய்வாளர்களுக்குரிய களம்.