சிஸ்டம் அண்ணன்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருவுக்கு ஒரு சிஸ்டம் அண்ணன் உண்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கும். பகலில் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுவார், இல்லாவிட்டால் லாரி புக்கிங் ஆபீஸில் பில் அடிப்பார். பொழுது சாய்ந்ததும் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் ஏறிவிடும்.

அவரைக் கூப்பிடும் ஆள் பெரும்பாலும் போட்டோ ஸ்டுடியோக்காரர். ரிச்சி தெருவுக்குப் போய், பேரம் பேசி, ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கிவந்து, தானே மாட்டியும் இருப்பார். ஆன் பண்ணினால் பழைய ‘சி’யும் ‘டி’யும்தான் பல்லிளிக்கும்.

“இன்னா தம்பி இது! துட்டு குடுத்து வாங்குனது உள்ள போனதும் காணாம பூட்ச்சே!”

அண்ணன் வாய் திறக்கமாட்டார். முதலில் டீ வரவேண்டும். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே ஊதுவார். ரேமைப் பிடுங்கி ரப்பரால் தேய்ப்பார். “கடக்காத்துண்ணா, அல்லாத்தையும் துருவாக்கிடும்” என்பார். ஜன்னல் கம்பியைப் பார்த்தவர்கள் அதை மறுக்கமுடியாது. ஆனால், நேற்று வாங்கிய டிஸ்க்குக்கும் துருவுக்கும் என்ன சம்பந்தம், ரேமுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க ஸ்டுடியோவில் ஆள் கிடையாது.

அடுத்து, டிலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் நுழைவார். அங்கே டிஸ்க்கின் பெயர் தெரியாவிட்டால் சாட்டா கேபிளோ பவர் கேபிளோ லூஸ் என்று அர்த்தம். தெரிந்தால் வயரில் குற்றமில்லை. பெயர் பளிச்சென்று தெரிகிறது. நோய் என்னவென்று அந்த நொடியிலேயே அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. சொல்வாரா? ரெண்டு நிமிஷ வேலை என்று தெரிந்தால் யார் காசு கொடுப்பார்கள்?

எனவே சரித்திரம் தொடங்கும். அந்தக் காலத்து ஐடிஈ டிஸ்க்கில் ஜம்பரை மாற்றி மாற்றிக் குத்திய கதை முதலில். பிறகு, “நம்ம ராயபுரம் ஸ்டேஷன் தொறந்தது 1856. கரெக்டா நூறு வருசம் கழிச்சு 1956ல ஐபிஎம்காரன் மொத ஹார்ட் டிஸ்க் வுட்டான். 24 இஞ்ச் தட்டு அம்பது. கிட்டத்தட்ட ஒரு டன்னு. அம்பது லட்சம் எழுத்து தாண்ணா புடிக்கும். இன்னிக்கு நீ எடுக்கற ஒரு கல்யாண போட்டோ அதுல அடங்காது. அத்த எறக்க ஹார்பர்லேந்து கிரேன் வரணும்!”

டீ ஆறியதும் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறக்கும். புது டிஸ்க் கறுப்புப் பட்டையாகக் கிடக்கும். “மனை இருக்குதுண்ணா, பட்டா இல்ல. வீட்டு நம்பரும் இல்ல. விண்டோஸ் எங்க போயி தேடும்?” இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. இனிஷியலைஸ் கொடுப்பார். எம்பிஆரா ஜிபிடியா என்று அது கேட்கும். எம்பிஆர் இரண்டு டெராபைட்டோடு நின்றுவிடும் என்பதால் ஜிபிடி. அப்புறம் பார்ட்டிஷன், டிரைவ் எழுத்து, ஃபார்மட்.

ஃபார்மட் என்ற இடம் வந்ததும் அண்ணன் பேச்சை நிறுத்திவிடுவார். பக்கத்திலேயே பழைய டிஸ்க் இருக்கிறது. கை தவறி அதைத் தொட்டால் காசிமேட்டிலிருந்து மணலி வரை நடந்த கல்யாணங்கள் அத்தனையும் காலி. டிஸ்க் நம்பரைப் பார்ப்பார், அளவைப் பார்ப்பார், திரும்பவும் பார்ப்பார். ஊதல், ரப்பர், சரித்திரம் எல்லாம் இனாம். கூலி இந்த மௌனத்துக்குத்தான் என்பேன்.

டிரைவ் வந்துவிட்டது. ஸ்டுடியோக்காரர் முகம் சுருங்கும். “இன்னாபா, 931 ஜிபிதான் காட்டுது? மீதிய கடைக்காரன் ஆட்டய போட்டானா?”

கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது என்று அண்ணன் விளக்குவார். நம்பியவர் இதுவரை யாருமில்லை.

உங்கள் தெரு அண்ணன் வந்தால் டீயோடு அனுப்பிவிடாதீர்கள், கையில் பணமும் கொடுங்கள். அவர் வருகிறவரை அந்த ஃபார்மட்டை மட்டும் நீங்களாக அமுக்கவேண்டாம்.