எட்டு மில்லிப் பெரியம்மா

போடியிலிருந்து பஸ் ஏறி ராசிங்காபுரத்தில் இறங்கும் பெண்பிள்ளை வீடு போய்ச் சேர வேண்டுமானால், வழியில் ஒரு சல்லடையைத் தாண்டியாக வேண்டும். அந்தச் சல்லடை திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கும்.

"ஆரு, மேலத்தெருப் பிள்ளையா? ஆத்தே, என்னாடி இப்பிடிக் கருத்துப் போயிட்ட?"

பிள்ளை பிறந்த நாளிலிருந்து அதே நிறம்தான். ஆனால் பெரியம்மா கேட்கிற தினுசில், போன வாரம் வரைக்கும் ரோஜாப்பூ நிறத்தில் இருந்துவிட்டு இன்றைக்குத்தான் அஜாக்கிரதையாகக் கருத்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் பெரியம்மாவின் அன்றைய வேலை முடிந்தது.

ஊர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் எட்டு மில்லிப் பெரியம்மா. எங்கள் ஊரில் மட்டுமில்லை, சிலமலையில், தேவாரத்தில், உங்கள் தெருவில்கூட ஒருவர் இருப்பார். எங்களவருக்குத் தொழில்முறைத் தகுதி உண்டு என்பதுதான் வித்தியாசம். போடியில் ஏலக்காய் குடோனில் வருஷக் கணக்காகக் காய் பொறுக்கியவர். நிறம், பருமன், லிட்டர் வெயிட் என்கிற ஒரு லிட்டர் காயின் எடை மூன்றையும் பார்த்துக் காயைத் தரம் பிரிக்கிற வேலை. அக்மார்க் கணக்குப்படி, 7 மில்லிமீட்டர் பருமன் இருந்தால் 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு'. 6 என்றால் வெறும் 'போல்டு'. 5 என்றால் 'சுப்பீரியர்'. வியாபாரத்தில் எட்டு மில்லிக் காய்க்குத்தான் ராஜமரியாதை. வெடித்தது, வெளிறியது, சூம்பியது எல்லாம் சொளகின் ஓரத்துக்குப் போகும். பெரியம்மாவின் விரல் கண்ணைக் கேட்காமலே பிரித்துவிடும்.

சாயங்காலம் குடோனைப் பூட்டிவிடுவார்கள். கண்ணைப் பூட்ட யாராலும் முடியவில்லை. அங்கேதான் ஊருக்குச் சனி பிடித்தது.

பெரியம்மா யாரையும் திட்டமாட்டார். எல்லாம் அக்கறை. ஒல்லியாக இருப்பவளிடம், "உங்காத்தா சோறு போடுறாளா, இல்ல காட்டி மட்டும் விடுறாளா?" என்பார். கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவளிடம், "ஆட்டுக்கல்லுக்குச் சேலை சுத்துன மாதிரி இருக்கியேடி" என்பார். இரண்டுக்கும் நடுவே சரியான எடை என்று ஒன்று இருக்கிறதாம். ராசிங்காபுரத்தில் இதுவரை எந்தப் பெண்ணும் அதைத் தொட்டதில்லை. முடியைக் குட்டையாக வெட்டியவளிடம், "பழனிக்கு நேந்துக்கிட்டியா?" முழங்கால் வரை வளர்த்தவளிடம், "பேன் பாக்க ஆளு வச்சிருக்கியா?" கல்யாணமாகி ஆறு மாதம் ஆனவளிடம் வாய் பேசாது. கை நேராக வயிற்றில் வந்து உட்காரும். லிட்டர் வெயிட் பார்க்கிறார்.

நானும் அந்தச் சல்லடையில் விழுந்த காய்தான். என் தரம் ஆறு மில்லி. "மூக்கு முழி பரவால்ல. நெறந்தான் ஒரு சிட்டிகை கம்மி." அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. உப்புக் கம்மியான குழம்பைப் போல ரொம்ப நாள் திரிந்தேன்.

ஆம்பளைப் பிள்ளைகளுக்குச் சல்லடையே கிடையாது. கரிமூட்டையில் இருந்து எழுந்து வந்தவன் மாதிரி ஒருவன் போனாலும், "களையான பய" என்பார். அந்தக் களை எங்கே இருக்கிறது என்று நாங்களும் தேடிப் பார்த்திருக்கிறோம்.

ஒரு சீசனில் பெரியம்மா எங்களோடு மலைக்குக் காய் எடுக்க வந்தார். விடியுமுன்னே ஜீப். போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒருத்தியாகத் தரம் பிரித்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது வளைவில் ஜீப்பில் இருந்த பெண்கள் தீர்ந்துபோனார்கள். மீதி ஐந்து வளைவுக்கு டிரைவரின் பெண்டாட்டியை எடுத்துக்கொண்டார். அந்த அம்மாள் ஜீப்பிலேயே இல்லை.

தோட்டத்தில் இறங்கியதும் கதை மாறியது. எல்லோரும் சேலைக்கு மேல் புருசன்மாரின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டி, தூரடியில் குனிந்துவிட்டால் எவள் எட்டு மில்லி, எவள் ஆறு மில்லி என்று பெற்ற தாய்க்கே தெரியாது. அட்டை மட்டும் வந்து பார்த்தது. நிறம் கேட்காமல் எல்லோரையும் கடித்தது. அந்த மலையில் நான் கண்ட ஒரே சமத்துவவாதி அதுதான்.

பெரியம்மா முழு அதிகாரத்தோடு விளங்குவது சடங்கு வீட்டில். போன வருஷம் ஒரு பிள்ளைக்குச் சடங்கு. தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். போட்டோக்காரப் பையன் கம்ப்யூட்டரில் பிள்ளையை வெளுத்த வெளுப்பில் பெத்த தகப்பனே, "இது ஆரு வீட்டு விசேசம்?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். பெரியம்மாவுக்குத் திருப்தி. "இப்பத்தான் பிள்ளை பிள்ளை மாதிரி இருக்கு." பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிஜப் பிள்ளை ஃப்ளெக்ஸை ஒரு தரமும் தன் கையை ஒரு தரமும் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே வைத்தியம் ஆரம்பமானது. வெளுக்க வைக்கிற கிரீம் நாட்டுக்குப் புதிதில்லை. ஃபேர் அண்ட் லவ்லி கடைக்கு வந்தது 1975-இல். 2020-இல் 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளோ' என்று மாற்றினார்கள். பெரியம்மாவுக்கு இந்தச் சீர்திருத்தம் இன்னும் எட்டவில்லை. பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்பார், கடைக்காரரும் மறுக்காமல் எடுத்துக் கொடுப்பார். ஆனால் அது மெதுவாக வேலை செய்கிறது என்பது பெரியம்மாவின் குறை. டாக்டர் சீட்டில்லாமல் எங்கேயோ வாங்கிய ஒரு டியூபைப் பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்தார். ஒரு மாதம் முகம் பளபளத்தது. பிறகு சிவந்தது, எரிந்தது, பரு கிளம்பியது, கன்னத்தில் பூனை முடி வளர்ந்தது. ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தொடர்ந்து பூசினால் இப்படித்தான் ஆகும் என்று தோல் டாக்டர் சொன்னார். "டாக்டரு கண்ணு வச்சிட்டாரு" என்றார் பெரியம்மா.

மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் மோசம். கேரளத்து மலப்புரத்தில், வெளுப்பு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதை 2023-இல் டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். காரணம் கிரீமில் இருந்த பாதரசம். கேரள அரசு 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனை போட்டது. முகத்தை வெளுக்கப் போய் மூத்திரத்துக்கு மருந்து வாங்குகிற அழகு இது.

படித்து முன்னேறிவிட்டால் சல்லடையில் இருந்து தப்பிவிடலாம் என்று எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்வார். சாரதா முரளீதரன் படித்து ஐ.ஏ.எஸ். ஆகி, கேரளத்தின் தலைமைச் செயலாளராகவே ஆனார். அவருக்கு முன் அதே நாற்காலியில் இருந்தவர் அவர் கணவர். கணவர் காலம் வெள்ளை, இவர் காலம் கறுப்பு என்று ஒருவர் நிறத்தை வைத்துக் கருத்துச் சொன்னதாக 2025 மார்ச்சில் அவரே வெளியே எழுதினார். நாலு வயதில் தன் தாயிடம், என்னைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக எடுக்க முடியுமா என்று கேட்டதையும் சேர்த்து எழுதினார். மாநிலத்தின் மொத்தக் கோப்பும் அவர் மேசைக்கு வந்துவிட்டது. பெரியம்மாவும் கூடவே வந்துவிட்டார்.

அதே வருஷம் சென்னையில், 'அதர்ஸ்' படத்தில் நடித்த கௌரி கிஷனைத் தூக்கி நடித்த நாயகனிடம், அவர் என்ன வெயிட் என்று ஒரு யூடியூபர் கேட்டார். கௌரி யாரென்றால், '96' படத்துச் சின்ன ஜானு. பிறகு நவம்பரில் நடந்த சந்திப்பில், இது உடம்பைக் கேலி செய்கிற கேள்வி என்று கௌரி முகத்துக்கு நேரே சொன்னார். எனக்கு ஒரே ஆச்சரியம்தான். எங்கள் பெரியம்மா எப்போது மீசை வைத்து, மைக் பிடித்து, சென்னைக்குப் பஸ் ஏறினார்?

பெரியம்மாவுக்குத் தோல்வியே இல்லையா என்றால், ஒரே ஒரு நாள் அதன் பக்கத்தில் போய்விட்டு வந்தார். முகம் எரிந்த அந்தப் பிள்ளை ஒரு சாயங்காலம் திண்ணைக்கு வந்தாள். கையில் இரண்டு ஏலக்காய்.

"பெரியம்மா, பச்சைக் காயை ஏன் வெயில்ல காயப்போட மாட்டேங்கிறாக? சூட்டறை ஸ்டோர்ல போட்டு உலத்துறாக?"

"வெயில்ல போட்டா வெளுத்துப்போயிரும்டி. வெல போகாது."

"ஒரு காலத்துல கந்தகப் புகை காட்டி வெளுக்க வச்சு வித்தாகளாமே?"

"வித்தாக. வெளுத்த காய்ல வாசம் ஏது? பாக்கத்தான் பவுசு."

பிள்ளை ஒரு காயை உரித்து உள்ளங்கையில் கொட்டினாள். "உள்ள இருக்கிற அரிசி வெள்ளையா இருந்தா?"

"எளங்காய். முத்தல. ஒண்ணுக்கும் ஆகாது."

"கருப்பா இருந்தா?"

"அதாண்டி முத்துன காய். மணமே அதுல..."

வெற்றிலை மென்ற வாய் நின்றது. எனக்கு விவரம் தெரிந்து அந்த வாய் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு டவுன் பஸ் வந்து திரும்பிப் போகிற நேரம் வரைக்கும் பெரியம்மா அந்தக் கருப்பு அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எச்சிலைத் துப்பிவிட்டு, "இருந்தாலும் மேல பச்சத் தோலு இருக்குல்ல?" என்றார்.

பிள்ளை சிரித்தாள். அந்த அரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள். டியூபைக் குப்பையில் போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பெரியம்மாவின் மேல் எனக்குக் கோபம் குறைவு. 2019 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கத்துப் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனபோதும், எட்டு மில்லிக் காய் ஒன்றுகூட அவர் வீட்டுக்கு வரவில்லை. அவர் வீட்டுத் தேநீரில் விழுந்தது ஓரத்துக்கு ஒதுக்கிய வெடித்த காய்தான். அதுவும் மணக்கத்தான் செய்தது.

ஆனால் சட்டம் சட்டம்தான். விளைபொருளைத் தரம் பிரித்து முத்திரை குத்த இந்த நாட்டில் 1937-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். அதன்படி ஏலக்காய்க்குத் தரம் உண்டு, பருமன் உண்டு, லிட்டர் வெயிட் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு அப்படி எந்தச் சட்டமும் போடப்படவில்லை. ஆகவே பெரியம்மா இத்தனை வருஷமாகத் திண்ணையில் நடத்திவருவது லைசென்ஸ் இல்லாத வியாபாரம். உங்கள் தெருவிலும் ஒருவர் நடத்துகிறார். சரக்கைக் காட்டாதீர்கள். கடை தானாகவே மூடிவிடும்.